பிக்கப்

வாட்ஸப்பில் வந்த சீட்டில்
என் பெயருக்குக் கீழே இருந்தது இவ்வளவுதான்:
பிக்கப், திருச்சி ஏர்போர்ட், காலை ஆறு பத்து.
டிராப், கொத்தமங்கலம்.
டிரைவர், இன்னாசி.

பிக்கப் என்றால் எனக்கு முதலில்
என் வண்டியின் குறைதான் ஞாபகம் வரும்.
இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிழடு.
திருமயம் மேட்டில் மூன்றாவது கியரில் நின்று கெஞ்சும்.
"பிக்கப் செத்துப்போச்சுண்ணே"
என்று பானட்டைச் சாத்துவான்
காரைக்குடி மெக்கானிக் ஜமால்.
ஆனாலும் இருநூறு வாங்கிக்கொள்வான்.

கானாடுகாத்தான் ஓட்டலில் தங்கிய
பிரெஞ்சுக்காரம்மா ஒருமுறை கேட்டார்:
இந்த இங்கிலீஷை எங்கே பிக்கப் பண்ணினாய்?
திருச்சி ஏர்போர்ட், மேடம் என்றேன்.
ஆயங்குடி விலக்கு வரை சிரித்துக்கொண்டே வந்தார்.
எதற்கென்று தெரியாமல்
நானும் சிரித்துவைத்தேன்.

கோலாலம்பூர் விமானம் நாற்பது நிமிடம் தாமதம்.
வைரவன் என்று எழுதிய அட்டையைப் பிடித்தபடி
நான் நின்றேன்.
பெட்டி இல்லை. தோளில் ஒரு லேப்டாப் பை.
ஆபீசிலிருந்து அப்படியே கிளம்பியவர் போல
கழுத்தில் அடையாள அட்டை.
அவர் சட்டைப் பையில் போன்
இங்கே சிக்னல் இல்லாமல் கிடந்தது.

கீரனூர் தாண்டியதும் அவராகவே சொன்னார்:
"அப்பச்சி மூணு தடவை அடிச்சிருக்காரு.
மீட்டிங்.
நான் பிக்கப் பண்ணல."
பிறகு தமிழில் இன்னொருமுறை,
எனக்குப் புரியாதோ என்று நினைத்தோ
தனக்குப் புரியவேண்டும் என்றோ:
"எடுக்கல."

புதுக்கோட்டையில் என் போன் அடித்தது.
ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு.
"தம்பிய எடுத்தாச்சா?"
"எடுத்தாச்சுங்க."
"அப்ப பதினொண்ணுக்கு எடுத்துரலாம்."

ஒரே மூச்சில் இரண்டு எடு.
முதலாவதில் ஆள் இருந்தார்.
இரண்டாவதிலும் ஆள்தான்.

அவர் வயதுக்கு
வெளியூரில் போன வருடங்கள் அதிகம்.
எடுக்கிற நேரம் என்பதை மறந்திருப்பார் என நினைத்தேன்.
"என்ன பதினொண்ணுக்கு?" என்றார்.
எந்தத் தமிழும் வாயில் வரவில்லை.
"பிக்கப்புங்க" என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன்.
தலையை ஆட்டினார்,
ஓட்டலில் அறை எண்ணைச் சொன்னால் ஆட்டுவது போல.
கொஞ்ச நேரம் கழித்து,
"கொஞ்சம் பிக்கப் பண்ணுங்க அண்ணே."

மேடு வந்தது.
ஏ.சி.யை அணைத்தேன், அப்போதுதான் இழுக்கும்.
ஜன்னலை இறக்கிவிட்டார்.
கோட்டைப் பக்கமிருந்து வெயில்
அவர் மடியில் விழுந்தது.
வண்டி ஏறியது,
ஏறியது என்று சொல்லலாம்.

பத்தே முக்காலுக்குக் கொத்தமங்கலம்.
சங்கு தெருமுனையிலேயே கேட்டுவிட்டது.
முகப்புக்கு நேராக நிறுத்தினேன்.
பாதி திறந்த கதவிலிருந்தே இறங்கி ஓடினார்.
அடையாள அட்டை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது.

வாடகையை யாரிடம் கேட்பது?
கேட்கவில்லை.
ஸ்டீயரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.
உள்ளே வளவிலிருந்து அழுகை ஒருமுறை உயர்ந்தது,
அவரைப் பார்த்ததும் இருக்கும்.
பச்சை மூங்கில் வெட்டும் சத்தம் நின்றிருந்தது.

வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வந்து
கண்ணாடியைத் தட்டினார்.
கோபமில்லை, அவசரம் மட்டும்.
"வண்டிய எடுப்பா.
எடுக்கணும்ல."

முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது எஞ்சின்.
பின்னால் நகர்த்தி
அடுத்த வீட்டுச் சுவரோரம் விட்டேன்.
வழி அகலமாகிவிட்டது.

திரும்பும்போது,
புதுக்கோட்டை வருவதற்குள்,
வீட்டிலிருந்து போன்.
வண்டி ஓட்டும்போது நான் எடுப்பதில்லை.
ஓரங்கட்டினேன்.
அதற்குள் நின்றுவிட்டது.